சைக்கிளில் இருந்து இறங்கி காரில் ஏறியவர்: சிரில் கிமார், ஒரு நிகழ்வு ஆய்வு

புதுச்சேரி, கடலூர் பக்கத்து விளையாட்டு வட்டாரத்தில் 'டீம் மேனேஜர்' என்றால் என்ன வேலை என்று எல்லோருக்கும் தெரியும். ஆதார் நகல், பிறப்புச் சான்று, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எல்லாம் அடங்கிய ஃபைல் அவர் கையில் இருக்கும். ரயில் டிக்கெட் எடுப்பார். தங்கும் இடத்தில் பாய் தலையணைக்குச் சண்டை போடுவார். பையன்கள் காலையில் ஏதாவது சாப்பிட்டார்களா என்று பார்ப்பார். போட்டி தொடங்கியதும் நிழலாகப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். பெரும்பாலும் அவரே பழைய வீரராகவும் இருப்பார். ஓட்டியவனுக்கு ஓட்டவைக்கத் தெரியாதா என்ற நம்பிக்கையில்தான் அந்தப் பொறுப்பு அவரிடம் வந்திருக்கும்.

அந்த நம்பிக்கை எவ்வளவு சரி என்று பார்ப்பதற்காகத்தான் இந்த ஆய்வு. எடுத்துக்கொண்ட ஆள் பிரான்சைச் சேர்ந்த சிரில் கிமார். வீரராக, மூன்று வார சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸை ஒருமுறைகூட வென்றதில்லை. 29 வயதில் சைக்கிளை விட்டுவிட்டு அணியின் காரில் ஏறினார். அடுத்த ஒன்பது ஆண்டுகளில் அவருடைய வீரர்கள் அதே பந்தயத்தை ஏழு முறை வென்றார்கள். 1976-ல் லூசியன் வான் இம்பே, 1978, 1979, 1981, 1982-ல் பெர்னார் இனோ, 1983, 1984-ல் லோரான் ஃபின்யோன். அப்புறம் ஒரு வெற்றிகூட இல்லை. ஏழு வெற்றிகளை விட, அவை நின்றுபோன விதம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

எங்கள் ஊரில் இந்தப் பெயர்கள் முற்றிலும் அந்நியமானவையும் அல்ல. ஜூலை 14 அன்று பீச் ரோட்டில் பிரெஞ்சுப் போர் நினைவிடத்துக்குப் பதக்கம் குத்திக்கொண்டு வரும் சொல்தாக்களில், அதாவது பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்த எங்கள் ஊர்க்காரர்களில், சிலர் சர்வீஸில் இருந்தபோது டூரைச் சாலையோரம் நின்றே பார்த்தவர்கள். இனோவா ஃபின்யோனா என்று அவர்களைச் சீண்டிவிட்டால் ஒரு மணி நேரம் போவது தெரியாது.

முதலில் பந்தயத்தின் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். ஈசிஆரில் கூட்டமாக ஓட்டியவர்களுக்கு இது புரியும். முன்னால் போகிறவன் காற்றை வாங்கிக்கொள்வான், பின்னால் ஒட்டி வருகிறவனுக்கு உழைப்பு பெருமளவு குறையும். அதனால்தான் இது தனி ஆள் ஜெயிக்கும் குழுப் போட்டி. ஒருவன் பாரிசில் மஞ்சள் சட்டை (மொத்த நேரத்தில் முன்னிலையில் இருப்பவருக்கானது) போட்டுக்கொள்வதற்காக மற்றவர்கள் மூன்று வாரம் காற்றைக் கிழித்துக்கொண்டே போவார்கள். யார் எப்போது இழுப்பது, யாரைத் தப்பவிடுவது, எங்கே அடிப்பது (திடீரென வேகமெடுத்துப் பிரிந்து போவது) என்ற கணக்கு எல்லாம் பின்னால் வரும் காரில் நடக்கும்.

முழங்கால்

கிமார் 1947 ஜனவரியில் நாந்த் நகருக்குப் பக்கத்தில் புகுனே என்ற ஊரில் பிறந்தவர். 1968-ல் மெர்சியே அணியில் தொழில்முறை வீரரானார். வேகமான ஸ்ப்ரிண்ட், மலையிலும் எளிதில் விடாத பிடிவாதம். டூரில் மொத்தம் ஏழு ஸ்டேஜ்கள், அதாவது ஏழு தனித்தனிக் கட்டங்கள், வென்றார். 1971, 1972 இரண்டு உலகச் சாம்பியன்ஷிப்களிலும் மூன்றாம் இடம். நல்ல வீரர்தான், ஆனால் அவர் காலத்தில்தான் யாராலும் எளிதில் வெல்ல முடியாத பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் இருந்தார்.

1972 டூரின் முதல் ஸ்டேஜை கிமார் வென்று மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டார். ஸ்ப்ரிண்டர்தானே, மலை வந்தால் காணாமல் போய்விடுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். பிரனீஸ் மலையில் சட்டை மெர்க்ஸிடம் போனதே தவிர ஆள் காணாமல் போகவில்லை. ஆல்ப்ஸில் மோன் ரெவார் உச்சியில், ஜெயித்துவிட்டோம் என்று மெர்க்ஸ் கையைத் தூக்கிய நொடியில் பக்கத்தில் வந்து சில சென்டிமீட்டரில் தட்டிப் பறித்தார். மெர்க்ஸை அப்படி ஏமாற்றியவர்கள் அதிகம் பேர் கிடையாது.

அதற்குள் முழங்கால் போய்விட்டது. ஊசி போட்டுக்கொண்டு ஓட்டினார். காலையில் சைக்கிளில் அவரைத் தூக்கி உட்காரவைக்க வேண்டியிருந்தது. மொத்தக் கணக்கில் இரண்டாம் இடம், புள்ளிகளுக்கான பச்சைச் சட்டையும் உடம்பில். பாரிஸ் எட்டிவிடும் தூரத்தில் இருந்த கடைசி நாட்களில் அழுதுகொண்டே விலகினார். முடிவில் பச்சைச் சட்டை மெர்க்ஸுக்கு வந்தது, அவர் அதை கிமாரிடமே கொடுத்தார்.

இந்த முழங்கால் வெறும் சோகக் கதையாக நின்றுவிடவில்லை. பின்னால் அவர் மேனேஜராக எடுத்த பெரிய முடிவுகளில் பாதியை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் புரியும். உடம்பு எந்த இடத்தில் உடையும் என்பதை நல்ல காலில் ஓட்டி ஓய்வு பெற்றவன் யூகத்தில்தான் வைத்திருப்பான். கிமாருக்கு அது சொந்த அனுபவம்.

காரில் முதல் வருடம்

1976 தொடக்கத்தில் கிமார் பிரான்சின் சைக்ளோகிராஸ் சாம்பியன், அதாவது சேற்றிலும் வயலிலும் ஓட்டும் குளிர்காலப் பந்தயத்தில். அதே ஆண்டு ஜீத்தான் அணியின் பொறுப்பை ஜான் ஸ்டாப்லின்ஸ்கியிடமிருந்து ஏற்றார். அணியின் தலைமை வீரர் பெல்ஜியத்தின் வான் இம்பே, புதிய முதலாளியை விட மூன்று மாதம் மூத்தவர். நேற்று வரை பக்கத்தில் ஓட்டிக்கொண்டிருந்தவன் இன்று காரிலிருந்து உத்தரவு போட்டால் நம்மில் யார் கேட்போம்?

வான் இம்பே அந்தக் காலத்து மலையேற்ற வீரர்களில் முதல் வரிசை. டூரில் சிறந்த மலையேறிக்குக் கிடைக்கும் 'மலைகளின் ராஜா' பட்டத்தை அதற்குள் மூன்று முறை வாங்கியிருந்தார், அதிலேயே திருப்தியும் அடைந்திருந்தார். மொத்தப் பந்தயத்தை ஜெயிக்கும் எண்ணமே இல்லாத ஒரு திறமைசாலி. அந்த வருடம் மெர்க்ஸ் வரவில்லை. எதிரி யோப் சூட்டமெல்க். மஞ்சள் சட்டை தற்காலிகமாக ரேமோன் தெலிலிடம் இருந்தது.

பிரனீஸில் பிளா தாடே உச்சியில் முடியும் 14-வது ஸ்டேஜ். கடைசி ஏற்றத்துக்கு வெகு முன்பே லூயிஸ் ஒக்கான்யா முன்னால் போய்விட்டார். இப்போதே போ, ஒக்கான்யாவைப் பிடி என்றார் கிமார். வான் இம்பேக்குத் தயக்கம். இவ்வளவு சீக்கிரம் கிளம்பினால் கடைசி மலையில் காலியாகிவிடுவோம் என்ற பயம், மலையேறுகிறவனுக்கு நியாயமான பயம்தான்.

அந்தக் காலத்தில் வீரரின் காதில் ரேடியோ கிடையாது. அது தொண்ணூறுகளில்தான் பரவியது. காரில் இருப்பவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமானால் வேறொரு வீரரை முன்னால் அனுப்பிச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அதிகாரிகளிடம் அனுமதி வாங்கிக் கூட்டத்தைத் தாண்டி வீரருக்குப் பக்கத்தில் போய் ஜன்னல் வழியே கத்த வேண்டும். கிமார் முதலில் ஆள் அனுப்பினார், பலிக்கவில்லை. பிறகு காரையே ஓட்டிக்கொண்டு போனார். இப்போது அடிக்காவிட்டால் காரால் இடித்துப் பள்ளத்தில் தள்ளிவிடுவேன் என்று மிரட்டியதாகக் கதை உண்டு. வான் இம்பே இதை ஒத்துக்கொள்வதில்லை, தானாகத்தான் போனேன் என்பார். ஜெயித்தவரும் ஜெயிக்க வைத்தவரும் ஒரே சம்பவத்தை இரண்டு விதமாகச் சொல்வது எந்த விளையாட்டில்தான் இல்லை.

வான் இம்பே போனார், ஒக்கான்யாவோடு சேர்ந்து இழுத்தார், கடைசி ஏற்றத்தில் அவரையும் விட்டுவிட்டு ஜெயித்தார். இவர் எப்படியும் களைத்துவிடுவார் என்று பின்னால் காத்திருந்த சூட்டமெல்க் மூன்று நிமிடத்துக்கும் மேல் இழந்தார். பாரிசில் வித்தியாசம் 4 நிமிடம் 14 நொடி. பந்தயமே அந்த ஒரு மதியத்தில் முடிந்துவிட்டது.

கிமார் அன்று செய்தது என்ன என்று யோசித்தால், வீரருக்குத் தெரியாத ஒரு கணக்கு அவரிடம் இருந்தது. சூட்டமெல்க் துரத்த மாட்டார், இடையில் உள்ள பள்ளத்தாக்கில் ஒக்கான்யா துணைக்கு இருப்பார், தனியாகக் காற்றில் மாட்ட வேண்டியதில்லை. மலை மேல் தலை குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவருக்கு இதெல்லாம் தெரியாது. காரில் இருப்பவருக்குத் தெரியும், ஆனால் சொல்வதைக் கேட்க வைக்க வேண்டும். வான் இம்பே அடுத்த வருடமே வேறு அணிக்குப் போய்விட்டார் என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். அந்த ஒரு மதியத்துக்காக கிமார் இழந்தது அது.

இனோவைக் காக்க வைத்தது

பெர்னார் இனோ, 1954-ல் பிரான்சின் பிரித்தானி பகுதியில் பிறந்த முரடர். 1977-ல் அவருக்கு 22 வயது. அந்த வசந்தத்தில் ஜென்ட்–வெவெல்கெம், லியேஜ்–பஸ்தோன்–லியேஜ் என்ற ஒருநாள் பந்தயங்கள் இரண்டையும் வென்றார். தோஃபினே பந்தயத்தில் மலை இறக்கத்தில் பள்ளத்தில் விழுந்து, மேலே ஏறி வந்து, வேறு சைக்கிளில் ஏறி அந்த ஸ்டேஜையும் மொத்தப் போட்டியையும் ஜெயித்தார். பிரான்சே அவரை அந்த வருட டூரில் பார்க்கத் துடித்தது.

கிமார் அனுப்பவில்லை.

நாடே இப்போதே வேண்டும் என்று நிற்கும்போது இன்னும் ஒரு வருடம் ஆகட்டும் என்று சொல்வதற்கு, காரிலிருந்து மிரட்டுவதை விட அதிக துணிச்சல் வேண்டும். மறு வருடம் இனோ முதலில் ஸ்பெயினின் வுவெல்தாவை வென்றார். மூன்று வாரப் பந்தயத்தைத் தாங்குவார் என்று தெரிந்த பிறகுதான் டூருக்கு வந்தார், முதல் முயற்சியிலேயே வென்றார்.

நம்ம பக்கத்தில் ஒரு பையன் மாவட்ட அளவில் ஜெயித்ததும் மாநிலம், தேசியம், சீனியர் பிரிவு என்று ஒரே வருடத்தில் ஓட்டவைத்து, அடுத்த வருடம் முழங்காலில் கிரீம் தடவிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். பெற்றோர், பள்ளி, உள்ளூர் அரசியல்வாதி எல்லோருக்கும் படம் வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் ஒரு ஆள் இருப்பதில்லை.

கிமாரின் இன்னொரு பக்கம் அளவுகோல். கார் தயாரிக்கும் ரெனோ நிறுவனம் இதே அணியை நடத்திய காலத்தில் அவருக்குப் பொறியாளர்களும் காற்றுச்சுரங்கச் சோதனையும் கிடைத்தன. டைம் ட்ரையலுக்கு, அதாவது ஒவ்வொருவரும் தனியாகக் கடிகாரத்தோடு மோதும் ஓட்டத்துக்கு, காற்றைக் கிழிக்கும் வடிவத்தில் சைக்கிள்கள் செய்தார்கள். உட்காரும் உயரத்துக்கு ஒரு கணக்கு அவர் பெயரோடு சேர்ந்தே பரவியது. வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, தொடைகளுக்கு நடுவே ஒரு புத்தகத்தை மேலே முட்டும் வரை அழுத்தி, தரையிலிருந்து புத்தகத்தின் மேல்விளிம்பு வரை அளக்க வேண்டும். அதை 0.883-ஆல் பெருக்கினால், பெடல் அச்சு சுழலும் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம். உள்கால் அளவு 80 சென்டிமீட்டர் என்றால் சீட் 70.6. பின்னாளில் இது கிரெக் லெமாண்ட் பெயரில் புகழ்பெற்றது, ஆனால் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது கிமார். இன்று இதை விட நுணுக்கமான முறைகள் உண்டு. இருந்தாலும் பள்ளியில் கொடுத்த விலையில்லா சைக்கிளில் சீட்டை அடியோடு இறக்கிவைத்து முழங்காலை நெஞ்சில் இடிக்க ஓட்டும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு கணக்கே போதும், காசும் செலவில்லை.

1980 டூர். மழையில் கற்கள் பதித்த சாலைகளில் ஓடிய ஸ்டேஜை வென்ற இனோவுக்கு முழங்கால் வீங்கியது. மஞ்சள் சட்டையோடு போ நகரம் வரை வந்தார். அங்கே இரவோடு இரவாக விலகினார். பத்திரிகைகள் கிழித்தன. எட்டு வருடத்துக்கு முன் இதே நிலையில் ஊசி போட்டுக்கொண்டு ஓட்டியவர் இப்போது காரில் இருக்கிறார், தன் வீரரை ஓட்டவைக்கவில்லை. ஆகஸ்ட் கடைசியில் சலான்ஷில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பை இனோ வென்றார். 1972-ல் கிமாருக்கு யாரும் எடுத்துக்கொடுக்காத முடிவு அது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பிள்ளைகள் வளர்ந்தபின்

1983-ல் இனோவின் முழங்கால் திரும்பவும் மடக்கியது. அவர் இல்லாத டூரில் அதே அணியின் 22 வயது ஃபின்யோன் முதல் தடவையிலேயே ஜெயித்தார். இனோவுக்கும் கிமாருக்கும் பேச்சுவார்த்தை அறுந்துவிட்டது. நான் அல்லது அவர் என்று இனோ நின்றார், ரெனோ கிமார் பக்கம் நின்றது. இனோ, தொழிலதிபர் பெர்னார் தாபி தொடங்கிய லா வி கிளேர் அணிக்குப் போனார். அடுத்த வருடம் நேருக்கு நேர் மோதியபோது ஃபின்யோன் 10 நிமிடம் 32 நொடியில் இனோவைத் தோற்கடித்தார். மூன்றாவதாக வந்தவர் லெமாண்ட், அவரும் கிமாரின் கண்டுபிடிப்பு. 1980-ல் பிரான்சுக்கு ஓட்ட வந்திருந்த அந்த அமெரிக்கப் பையன், பங்க்சரான எரிச்சலில் தன் அணி காரின் மீதே சைக்கிளை வீசி எறிந்ததைப் பார்த்துத்தான் இவனிடம் ஏதோ இருக்கிறது என்று முடிவு செய்தாராம். நெவாடா வரை போய் ஒப்பந்தம் போட்டு வந்தார், கூட இனோவையும் அழைத்துப் போனார்.

1985-ல் லெமாண்டும் தாபியின் பணத்துக்குப் போனார். அதே ஆண்டு முடிவில் நஷ்டத்தில் இருந்த ரெனோ விளையாட்டை விட்டு விலகியது. கிமாரும் ஃபின்யோனும் அப்போது செய்தது புதுசு. அணியைத் தங்கள் சொந்த நிறுவனமாக்கிக்கொண்டு, சட்டையில் உள்ள இடத்தை மட்டும் ஸ்பான்சருக்கு விற்றார்கள். வாங்கியது சிஸ்டம் யு என்ற சூப்பர்மார்க்கெட் கூட்டமைப்பு. ஸ்பான்சர் போனாலும் அணி உயிரோடு இருக்கும் என்பது கணக்கு. இன்றைய பெரிய அணிகள் பலவும் இதே அமைப்பில்தான் ஓடுகின்றன.

ஆனால் அதில் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. மேனேஜரும் வீரரும் பங்குதாரர்கள் ஆகிவிட்டால் யார் யாருக்கு உத்தரவு போடுவது? 1976-ல் வான் இம்பேக்குப் பக்கத்தில் போய்க் கத்தியபோது கிமாருக்கு இழக்க ஒன்றும் இல்லை. 1989-ல் ஃபின்யோன் அவருடைய வீரர், நண்பர், கூட்டாளி, கம்பெனியின் முகம், எல்லாமே. என் பார்வையில் அடுத்து வருவதற்கு இதுவும் ஒரு காரணம். இதை ஆவணமாக நிரூபிக்க முடியாது, என் ஊகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இருபத்து நாலரை கிலோமீட்டர்

1989-ல் ஃபின்யோன் திரும்பவும் உச்சத்தில் இருந்தார். மிலான்–சான் ரெமோ ஒருநாள் பந்தயமும், இத்தாலியின் மூன்று வாரப் பந்தயமான ஜீரோவும் (ஜீரோ டி'இத்தாலியா) அவர் கையில். எதிரே லெமாண்ட். 1987-ல் வேட்டையில் குண்டடிபட்டு உடம்பில் ஈயத் துகள்களோடு இருந்தவர், சிறிய பெல்ஜிய அணியான ஏடிஆரில் ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது ஸ்டேஜ் தினாரிலிருந்து ரென் வரை 73 கிலோமீட்டர் டைம் ட்ரையல். லெமாண்டின் ஹேண்டில்பாரில் முன்னால் நீண்ட ஒரு வளையம், முழங்கைகளை ஊன்றிக்கொள்ளத் தாங்கிகள். டிரையத்லான்காரர்கள் பயன்படுத்தியது. பனிச்சறுக்கு வீரன் போல உடம்பு ஒடுங்கிவிடும், காற்று மோதும் பரப்பு குறைந்துவிடும். லெமாண்ட் வென்றார், 5 நொடி வித்தியாசத்தில் மஞ்சள் சட்டை அவருக்கு. சைக்கிளில் வீரருக்கு மூன்று தாங்கு இடங்களே உண்டு, முழங்கைத் தாங்கி நான்காவது ஆகிறது என்று வாதாட இடம் இருந்தது. அதிகாரிகள் தடுக்கவில்லை. கிமாரும் அதைப் பெரிய பிரச்சினையாக்கவில்லை. தன் ஆளுக்கு அதே கொம்பை மாட்டவும் இல்லை.

முத்தியால்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு சொல்தா மாமா அப்போது பிரான்சில் சர்வீஸில் இருந்தார். அவரிடம் கேட்டேன்.

"அந்தக் கொம்ப எல்லாரும் பாத்தோம் தம்பி. டிவில காட்டினான், பேப்பர்ல போட்டான். கிமாரும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தாரு?"

"பார்த்துட்டு ஏன் மாமா விட்டாரு?"

"மலை இருக்குன்னு நெனச்சிருப்பாரு. மலைல எடுத்துக்கலாம்னு."

மாமா சொன்னது முக்கால்வாசி சரி. மலைகளில் மஞ்சள் சட்டை இருவருக்கும் மாறி மாறிப் போய், கடைசி நாளுக்கு முன்பு ஃபின்யோன் 50 நொடி முன்னால் இருந்தார். வழக்கத்துக்கு மாறாகக் கடைசி நாளும் டைம் ட்ரையல், வெர்சாயிலிருந்து ஷான்செலிசே வரை 24.5 கிலோமீட்டர். நமக்குப் புரியும்படி சொன்னால் புதுச்சேரியிலிருந்து கடலூர் வரை, அதே மாதிரி மேடு பள்ளம் பெரிதாக இல்லாத தூரம். அதற்குள் 50 நொடியை எடுக்க வேண்டுமானால் கிலோமீட்டருக்கு இரண்டு நொடிக்கு மேல் பிடுங்க வேண்டும். நடக்காது என்றுதான் கணக்குத் தெரிந்தவர்கள் சொன்னார்கள். ஃபின்யோனுக்குத் தொடை இடுக்கில் சீட்டுப் புண், உட்காரவே முடியாத வலி. அதை வெளியே சொல்லவில்லை.

லெமாண்ட் கொம்பு வைத்த ஹேண்டில்பாரோடும் நீண்ட ஹெல்மெட்டோடும் போனார். நடுவில் நேர வித்தியாசத்தைச் சொல்ல வேண்டாம் என்று தன் காரில் சொல்லிவிட்டார். 26 நிமிடம் 57 நொடி, சராசரி மணிக்கு 54.545 கிலோமீட்டர். ஃபின்யோன் வெறும் தலையில், குதிரைவால் முடி காற்றில் பறக்க, பழைய மாதிரிக் கைப்பிடியில் வந்தார். அவர் நேரம் 27 நிமிடம் 55 நொடி. நிதானமாகப் பார்த்தால் மோசமான ஓட்டமே அல்ல. அன்று மூன்றாம் இடம், சராசரி 52 கிலோமீட்டருக்கு மேல். 58 நொடி போனது, டூர் 8 நொடியில் போனது. சுமார் 3,300 கிலோமீட்டர் ஓடி, அவருடைய அன்றைய வேகத்தில் நூறு மீட்டர் சொச்சம்.

காற்றுச்சுரங்கத்துக்கு வீரர்களைக் கொண்டுபோன ஆள் கிமார். ஒரு தசாப்தம் முன்பு காற்றைக் கிழிப்பதில் எல்லோருக்கும் முன்னால் நின்றவர். அந்த ஆளே கண் முன்னால் 17 நாள் இருந்த ஒரு ஹேண்டில்பாரை விட்டுவிட்டார். பழைய கணக்கு கையில் இருக்கிறவனுக்குப் புதிய கணக்கு தேவையில்லை என்று தோன்றிவிடும் போல. அப்படி ஒரு தலைக்கனம், அல்லது அவசரத்தில் நடுப் பந்தயத்தில் சோதிக்காத பொருளை மாட்ட மாட்டேன் என்ற நியாயமான எச்சரிக்கை. இரண்டுக்கும் இடம் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு முதலாவதைத் தேர்ந்தெடுப்பவர்கள் நடுப் பந்தயத்தில் கைப்பிடி மாற்றி ஓட்டிப் பார்க்கட்டும்.

மீதி

1990-லிருந்து ஸ்பான்சர் காஸ்டோராமா, வீட்டுப் பழுதுபார்க்கும் சாமான் கடைத்தொடர். மெக்கானிக் போடும் பட்டை வைத்த உடுப்பு போலவே சட்டையை வடிவமைத்திருந்தார்கள். சைக்கிள் வரலாற்றின் அசிங்கமான சட்டைப் பட்டியலில் அதற்கு நிரந்தர இடம் உண்டு. 1992-ல் ஜாக்கி துய்ரான் நீண்ட தப்பி ஓட்டத்தில் டூர் ஆஃப் ஃபிளாண்டர்ஸை வென்றது அந்தக் காலத்தின் நல்ல நினைவு. ஃபின்யோன் 1991-க்குப் பிறகு மனக்கசப்போடு இத்தாலிய அணிக்குப் போயிருந்தார். ஆக வான் இம்பே, இனோ, லெமாண்ட், ஃபின்யோன், நால்வருமே ஒரு கட்டத்தில் கிமாரை விட்டுப் போனவர்கள்தான். காஸ்டோராமா 1995-ல் முடிந்தது. 1997-ல் கோஃபிடிஸ் அணியைக் கட்டினார், அங்கும் நிலைக்கவில்லை. பிறகு ரூபே நகரின் கிளப்பில் இளைஞர்களோடு வேலை செய்தார், பின்னாளில் பெயர் பெற்ற லக்சம்பர்க் வீரர் ஆண்டி ஷ்லெக் அங்கே ஓட்டியவர்.

ஊக்கமருந்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் காலகட்டத்தைப் பேசுவது நேர்மையாகாது. ஃபின்யோனே பின்னாளில் ஆம்ஃபெட்டமின், கார்டிசோன் பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டார். அவர் 2010-ல் புற்றுநோயால் இறந்தார். ஏழு வெற்றிகளையும் அந்த நிழலைத் தள்ளிவிட்டு எண்ண முடியாது.

2017-ல், 70 வயதில், பிரான்சின் தேசிய அணித் தேர்வாளர் பொறுப்பு கிமாரிடம் வந்தது. உலகச் சாம்பியன்ஷிப்பில் அப்போதும் வீரர்களின் காதில் ரேடியோ கிடையாது. தொழில்முறை அணிகளில் ஒவ்வொரு திருப்பமும் காதில் சொல்லப்பட்டு வளர்ந்த வீரர்களை, கேட்காமலே தெரிந்து ஓட்டுமாறு தயார் செய்ய வேண்டியிருந்தது. 2018-ல் இன்ஸ்ப்ரூக்கில் ரோமன் பார்தே இரண்டாம் இடம் வந்தார், வென்றவர் ஸ்பெயினின் வல்வெர்தே. 2019-ல் பொறுப்பு தோமா வோக்லேரிடம் போனது.

நம்ம சாலையில்

இங்கே எங்கள் கிளப்பில் பையன்கள் அரியாங்குப்பம் பாலம் தாண்டித் தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் வழியாகக் கடலூர் போய்த் திரும்புவார்கள். ஏற்றம் வேண்டுமென்றால் கேப்பர் மலை, அதையும் மலை என்று சொல்ல ஒரு தாராள மனசு வேண்டும். பகல் ஏற ஏறக் கடற்காற்று குறுக்கே அடிக்கும். அந்தக் காற்றில் யார் எந்தப் பக்கம் ஒதுங்கி ஓட்டுவது என்று தெரியாமல் ஒருவர் பின் ஒருவராக அறுந்துபோகிறார்கள். பின்னால் பைக்கில் வரும் மேனேஜர், "விடாத, விடாத, மிதி!" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்வதில்லை. மிதிக்க வேண்டும் என்பது அந்தப் பையனுக்கு ஏற்கெனவே தெரியும்.

அவனுக்குத் தெரியாதது முன்னால் போனவன் எத்தனை நொடி தூரத்தில் இருக்கிறான், அவனோடு யார் இருக்கிறார்கள், பக்கத்தில் வருகிறவன் ஏன் முன்னால் வந்து இழுக்க மாட்டேன் என்கிறான் என்பதெல்லாம். இதைச் சொல்வதற்கு மாநிலச் சாம்பியனாக இருந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு நோட்டு, பந்தயத்துக்கு முந்தின நாளே சாலையைப் பார்த்து வைக்கும் பழக்கம் போதும். இப்போது எங்கள் கிளப்பில் முன்னாள் வீரர் அல்லாத ஒரு கல்லூரி மாணவியிடம் அந்த நோட்டைக் கொடுத்திருக்கிறோம். பெரியவர்கள் சிலருக்கு வருத்தம்தான். ஃபைலும் ரயில் டிக்கெட்டும் அவர்களிடமே இருக்கிறது, அந்த வேலையும் யாராவது பார்த்தாக வேண்டுமே.

கிளப்பில் இந்த நிகழ்வைப் பேசும்போது ரென் நகரத்து ஹோட்டல் அறையை எடுத்துக்கொள்கிறோம். 1989 ஜூலை, ஐந்தாவது ஸ்டேஜ் முடிந்த இரவு. உங்கள் வீரர் 5 நொடி பின்னால் இருக்கிறார், ஜீரோவை வென்ற உடம்பு, மலைகளில் எதிராளியை விட நம்பிக்கையானவர். எதிராளியின் ஹேண்டில்பார் விதிக்கு உட்பட்டதா என்பது சந்தேகம், அதிகாரிகள் அனுமதித்துவிட்டார்கள். புகார் கொடுத்தால் உங்கள் வீரர் அழுகுணி என்று பெயர் வாங்குவார். அதே பொருளை வாங்கி மாட்டினால் அவர் இதுவரை ஓட்டிப் பழகாத நிலை. இன்னும் ஒரு மலை டைம் ட்ரையலும், கடைசி நாள் பாரிசுக்குள் ஒரு டைம் ட்ரையலும் பாக்கி. வீரர் உங்கள் கம்பெனியில் கூட்டாளி, இந்தக் கொம்பெல்லாம் வேண்டாம் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரவர் பதிலை எழுதிய பிறகுதான் அடுத்த பக்கத்தைத் திருப்ப விடுவோம்.